ஏற்றுக்கொண்டவரின் மகள்

உயர் நீதிமன்றமே அன்பரசியைப் பாராட்டியிருக்கிறது. சும்மா வாய்வார்த்தையாக இல்லை, தீர்ப்பிலேயே. இருபத்து மூன்றாம் பக்கத்தில், 'மேல்முறையீட்டாளரின் மகள் என்ற போதிலும் நடுநிலை பிறழாமல் இந்த ஆய்வாளர் எழுதியிருக்கும் கட்டுரை இந்த நீதிமன்றத்துக்குப் பெரிதும் உதவியது' என்று அச்சாகியிருக்கிறது. இன்னும் ஆறு பக்கம் தள்ளிப் பார்த்தால், அவளுடைய அப்பா கோபால்சாமிக்குக் கீழ்க்கோர்ட் கொடுத்த ஆயுள் தண்டனை உறுதி செய்யப்படுகிறது. மகளுக்குச் சபாஷ், அப்பனுக்கு ஜெயில், இரண்டும் ஒரே தீர்ப்பில். இப்படி ஒரு மரியாதை வேறு எந்தப் பெண்ணுக்கும் கிடைத்திருக்காது. கிடைக்கவும் வேண்டாம்.

அன்பரசியின் ஊர் கொல்லைமேடு, மலைமேல் இருக்கிறது. புதூர்நாட்டில் ஜீப் ஏறி, ஜீப் போகிற மட்டும் போய், அப்புறம் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். நாற்பது வீடு. சாமை விளையும், புளி உலுக்குவார்கள், பலா காய்க்கிற மாசத்தில் ஆடு மாடுகூடப் பலாச்சுளை தின்னும். அந்த ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய முதல் பெண் அவள்தான். அரசாங்க உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தாள். இரண்டு வருஷம் கணக்கு வாத்தியாரே இல்லை, கணக்கில் எப்படித் தேறினோம் என்று அவளுக்கே இன்றுவரை விளங்கவில்லை. சட்டம் படிக்கப் போனதற்குப் பின்னால் லட்சியம், வெங்காயம் ஒன்றும் கிடையாது. நர்ஸிங்குக்குப் போட்டாள், கிடைக்கவில்லை. சட்டக் கல்லூரிக்குப் போட்டாள், கிடைத்துவிட்டது.

பஸ் ஏற்றிவிட வந்த கோபால்சாமி, மகளின் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கிவிட்டுக் கேட்டார்.

"வக்கீலுக்குப் படிச்சா இன்னா வேல பண்ணுவாங்க?"

"சண்ட சச்சரவு தீத்து வெப்பாங்கப்பா."

"அதுக்கு அஞ்சு வருசம் படிக்கணுமா? நம்மூர்ல அரை நாள்ல தீந்துடுதே."

அவர் கேலிக்குச் சொன்னார். ஆனால் விஷயம் உண்மைதான், கொல்லைமேட்டில் அரை நாளில்தான் தீரும். அது எப்படி என்று சொல்லாவிட்டால் இந்தக் கதையில் மேற்கொண்டு ஓரடி நகர முடியாது.

கொல்லைமேட்டில் ஐந்து பங்காளி வகையறா. ஒருவன் மாடு இன்னொருவன் சாமையில் இறங்கி அழித்தாலும் சரி, ஒருவன் இன்னொருவன் மண்டையை உடைத்தாலும் சரி, 'யார் செய்தது?' என்று ஊர் கேட்காது. 'எந்த வகையறா?' என்றுதான் கேட்கும். அந்த வகையறாவில் வயசில் மூத்தவர் யாரோ அவர் எழுந்து வருவார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர்க்கவுண்டர் முன்னால் நிற்பார். "தப்பு எங்க மேலதான். நான் ஏத்துக்கினேன்" என்பார். ஒரு ஆடு, ஊருக்குச் சாமைச் சோறு, முடிந்தது கதை. ஏற்றுக்கொண்டது நிஜமாகச் செய்தவராகவும் இருக்கலாம், அன்றைக்கு ஊரிலேயே இல்லாதவராகவும் இருக்கலாம். செய்தவன் யார் என்று வகையறாவுக்குள்ளும் கேட்கக்கூடாது. சோறு தின்று கை கழுவிய பிறகு அந்தப் பேச்சை எவன் எடுத்தாலும் அது முதல் தப்பை விடப் பெரிய தப்பு.

கேட்க முட்டாள்தனமாக இருக்கிறதா? நாற்பது வீட்டு ஊரில் விடிந்தால் ஒருவன் முகத்தில் ஒருவன் விழித்தாக வேண்டும். 'நீதானே அன்றைக்கு' என்று ஆரம்பித்தால் ஊர் மூன்று மழைக்குத் தாங்காது. அதற்காக யாரோ ஒரு பாட்டன் கட்டிவைத்த ஏற்பாடு. அந்த மலைக்குள் இருக்கிறவரைக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. மலையை விட்டு இறங்கியபோதுதான் குடும்பத்தின் தலையில் இடி விழுந்தது.

அன்பரசி மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். 2015, தை மாசம். அடிவாரத்திலிருந்து புளிய மரங்களைக் குத்தகை பேச வந்துபோகிற சேட்டு என்பவன், விடிந்ததும் விடியாததுமாகப் புளியந்தோப்புப் பாதையில் செத்துக் கிடந்தான். நெஞ்சில் பால்ரஸ் என்கிற சின்ன இரும்புக் குண்டு. நாட்டுத் துப்பாக்கி இல்லாத வீடு அப்போது அந்த ஊரில் இல்லை, பன்றி சாமையைத் தின்னாமல் விடாது. பன்றி என்று நினைத்து யாரோ சுட்டிருக்கலாம். சேட்டு போன வாரம்தான் கோபால்சாமி வகையறா ஆட்களோடு மரக்கணக்கில் வாய்ச்சண்டை போட்டிருந்தான், அதனால் வேண்டுமென்றேகூட யாராவது சுட்டிருக்கலாம். பொணம் கிடந்தது அவர்கள் பங்குத் தோப்பில்.

போலீஸ் வந்தது. ஆம்பளைகள் எல்லோரையும் பள்ளிக்கூடத்து முன்னால் உட்காரவைத்து இன்ஸ்பெக்டர் கேட்டார்: "எவன்டா சுட்டது?"

இப்படி ஒரு கேள்வியை அந்த ஊர் கேட்டதே கிடையாது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கோபால்சாமி எழுந்தார். அந்த வகையறாவில் எட்டு ஆம்பளைகள், மூத்தவர் அவர், நாற்பத்தொன்பது வயது. துண்டை இடுப்பில் கட்டினார்.

"தப்பு எங்க மேலதான் சாமி. நான் ஏத்துக்கினேன்."

இன்ஸ்பெக்டருக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருஷ சர்வீஸில் கொலைக்கேஸ் இவ்வளவு சுளுவாக அவர் கைக்கு வந்திருக்காது. "துப்பாக்கி எங்க?" என்றார். பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார் கோபால்சாமி. அவருடைய துப்பாக்கியைத்தான் கொடுத்தார், வேறு யாருடையதைக் கொடுப்பார்? மதியத்துக்குள் ஜீப் இறங்கிப் போய்விட்டது. ஊர் தன் பங்குக்கு ஆட்டை அறுத்து, சாமைச் சோறு ஆக்கி, கைகழுவிவிட்டது. ஊர்க்கவுண்டர் சிங்காரம் கோபால்சாமியின் மனைவி மங்கம்மாளிடம் வந்து, "நம்ம ஆளு பெரிய ஆளு. ஒரு வருசம் வெச்சிருந்து அனுப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்த ஊரில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் இந்தக் கதையில் தாங்க முடியாத விஷயம்.

தம்பி சின்னராஜ், பத்தொன்பது வயது, சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்று அக்காவுக்கு அழுதுகொண்டே போன் பண்ணினான். "அப்பாவ இஸ்துக்கினு போய்ட்டாங்க அக்கா." அன்பரசி மறுநாள் கோர்ட்டுக்கு ஓடினாள்.

கோர்ட் வராந்தாவில் கான்ஸ்டபிளிடம் கெஞ்சி ஐந்து நிமிஷம் வாங்கினாள். அப்பா சட்டையில்லாமல் துண்டோடு உட்கார்ந்திருந்தார். அன்பரசிக்கு அதற்கு முந்தின மாசம்தான் வகுப்பில் அந்தப் பாடம் நடந்திருந்தது. போலீஸிடம் சொன்ன வாக்குமூலம் செல்லாது, மாஜிஸ்ட்ரேட்டிடம் தானாக முன்வந்து சொன்னால்தான் செல்லும், ஆகவே மாஜிஸ்ட்ரேட் என்பவர் குற்றம்சாட்டப்பட்டவனுக்குக் கடவுள் மாதிரி ஒரு காவல். அவள் அதை நம்பினாள். பரீட்சையில் அந்தக் கேள்விக்குப் பதினைந்துக்குப் பதிமூன்று வாங்கியவள் நம்பாமல் என்ன செய்வாள்?

"அப்பா, உள்ள இருக்கிறவரு போலீஸ் இல்ல. நல்லவரு. யாருக்கும் பயப்படாத. உண்மை எதுவோ அதச் சொல்லிடு."

"சொல்லிடறேம்மா" என்றார் கோபால்சாமி.

'நீ சுடவில்லைதானே அப்பா?' என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. சட்டப் புத்தகம் ஒரு பக்கம் இருந்தாலும் அவள் கொல்லைமேட்டுப் பெண்.

மாஜிஸ்ட்ரேட் உண்மையிலேயே நல்லவர். போலீஸை வெளியே அனுப்பினார். உட்காரச் சொன்னார். யோசிக்க ஒரு நாள் கொடுத்து மறுநாள் கூப்பிட்டார். 'இதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, சொன்னால் உங்களுக்கே எதிராகப் போகும், தெரியுமா' என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் கோபால்சாமி "தெரியும் சாமி" என்றார். யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டதற்கு, "எம் பொண்ணு சொல்லிச்சு, பயப்படாம உண்மையச் சொல்லுன்னு. அது வக்கீலுக்குப் படிக்குதுங்க" என்றார். அதுவும் பதிவாகியிருக்கிறது. அந்தக் காகிதத்தின் நகலை அன்பரசி இதுவரை நூறு தரமாவது படித்திருப்பாள். ஒவ்வொரு தரமும் அந்த வரிக்கு வந்ததும் காகிதத்தை மடித்துவைத்துவிடுவாள்.

"பன்னின்னு நெனச்சுச் சுட்டது சாமி. தப்பு எம்மேலதான்." இதுதான் வாக்குமூலத்தின் சாரம். விசாரணை நடந்தபோது செஷன்ஸ் கோர்ட் அதில் இரண்டாவது பாதியை நம்பியது. முதல் பாதியை நம்பவில்லை, ஏனென்றால் போன வாரச் சண்டைக்குச் சாட்சி இருந்தது. பன்றி என்று சொன்னது பொய், தப்பு என்று சொன்னது மெய். துப்பாக்கியைப் பார்த்த நிபுணர், 'இது சுடப்பட்டிருக்கிறது, எப்போது என்று சொல்ல இயலாது' என்று எழுதிக்கொடுத்தார். அதுவும் எதிராகத்தான் போனது. ஜாமீனுக்கு ஆள் நிற்கப் பட்டா கேட்டார்கள், மலையில் யாருக்குத் தன் பெயரில் பட்டா இருக்கிறது? இலவச சட்ட உதவி வக்கீல் மூன்று பேர் மாறினார்கள். மூன்றாமவர் கோபால்சாமியிடம், "நான் அப்படிச் சொல்லலன்னு சொல்லுங்க, போதும்" என்று மன்றாடிப் பார்த்தார். நீதிபதி கடைசியாகக் கேட்கும்போது கோபால்சாமி, "சொன்னது சொன்னதுதான் சாமி" என்றார்.

அந்த வாய்தாக்களுக்கெல்லாம் இன்னொரு பெண்ணும் வந்துகொண்டிருந்தாள். செத்துப்போன சேட்டுவின் மனைவி மாணிக்கம்மாள். கையில் ஒரு குழந்தை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை. தீர்ப்பு அன்றைக்குப் படியில் அன்பரசியை வழிமறித்து நின்றாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து அன்பரசி ஒதுங்கினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் பொண்ணே. உங்கப்பா முகத்த நாலு வருசமா பாக்கறேன். அவருதான் சுட்டாரா?"

அன்பரசி முந்தானையைப் பிடித்திருந்த குழந்தையைப் பார்த்தாள்.

"ஆயுள் குடுத்தாங்க, சரி. எனக்கு அது இன்னாத்துக்கு? எம் புருசன யாரு கொன்னாங்கன்னு தெரிஞ்சாப் போதும். உங்கூர்ல ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்களே" என்று சொல்லிவிட்டு, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். போலீஸ், மூன்று வக்கீல், ஒரு மாஜிஸ்ட்ரேட், ஒரு நீதிபதி, நாற்பது வீட்டு ஊர். இத்தனை பேரில் உண்மையாகவே பதிலுக்காகக் கேட்டது அவள் ஒருத்திதான். அன்பரசி அதை அன்று இரவே நோட்டில் எழுதிவைத்தாள். அங்கிருந்துதான் அவளுடைய ஆராய்ச்சி தொடங்கியது என்று சொல்லலாம்.

ஆராய்ச்சி என்றால் சாதாரண ஆராய்ச்சி இல்லை. எம்.எல். முடித்து, பிஎச்.டி. சேர்ந்து, குற்ற ஒப்புதல்தான் தலைப்பு. பட்டணத்து ஹாஸ்டலில் மூட்டைப்பூச்சிக் கட்டிலில் உட்கார்ந்து, நூறு வருஷத்துத் தீர்ப்புகளைத் தோண்டினாள். இடையில் நாட்டில் குற்றச் சட்டங்களின் பெயர்களே மாறிப்போயின, பிரிவு எண்களெல்லாம் மாறின, அவள் பாதி எழுதிய ஆய்வேட்டில் அடிக்குறிப்பு முழுவதையும் திருத்தினாள். கோபால்சாமியின் கைதி எண் மட்டும் மாறவில்லை.

மலைக்குப் போய்ப் பன்னிரண்டு பெரியவர்களைப் பேட்டி எடுத்தாள். அவர்கள் வழக்கத்தைப் பற்றிச் சொன்னார்கள். அப்பாவின் வழக்கைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விட்டார்கள். சிங்காரம் கவுண்டர் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்.

"உங்கப்பன் எங்களுக்கு இன்னா செஞ்சாருன்னு எங்களுக்குத் தெரியும். அதுக்குத்தான் உங்க நெலத்த நாங்க உழறோம். அந்தப் பேச்ச எடுத்தா அவர அவமானப்படுத்தறதும்மா."

"அவரு உள்ள கெடக்கறாரே கவுண்டரே. வந்து ஒரு வார்த்த, இது எங்கூரு வழக்கம்னு கோர்ட்ல சொன்னாப் போதுமே."

"சொன்னா அடுத்தது யாருன்னு கேப்பான் இல்ல?"

அவள் நோட்டை மூடினாள். ஊர் வராவிட்டால் போகட்டும், கட்டுரை வரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

கட்டுரையின் முதல் வரைவில் 'என் தந்தை நிரபராதி' என்று ஒரு வாக்கியம் இருந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். "இது ஆய்வும்மா, ஜாமீன் மனு இல்ல. அழுதா எவனும் படிக்க மாட்டான்" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. அன்பரசி அழுகையை எல்லாம் வடிகட்டி எடுத்துவிட்டு, ஒரு நீதிபதிகூடக் குறை காண முடியாதபடி எழுதினாள். 'மூத்தவரை யாரும் வற்புறுத்துவதில்லை. அவர் மனமுவந்து, விளைவை அறிந்தே முன்வருகிறார். குற்றம் புரிந்தவர் யார் என்ற கேள்வி எந்தக் கட்டத்திலும் எழுப்பப்படுவதில்லை.' ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. விளைவு என்றால் ஒரு ஆடும் சாமைச் சோறும் என்று நாலாவது பக்கத்தில் எழுதியிருந்தாள். கட்டுரை வெளியானது, பரிசு வாங்கியது. ஒரு கருத்தரங்கில் சால்வை போர்த்தினார்கள். நீதி பற்றி நாள் முழுக்கப் பேசினார்கள். மதியம் பிரியாணி நன்றாக இருந்தது. சால்வையோடு ஹாஸ்டலுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, இதெல்லாம் போய் அப்பாவை எடுத்துவரும், எடுத்துவரும் என்று பைத்தியம்போல் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

மேல்முறையீட்டில் ஆஜரானவர் சக்கரவர்த்தி என்ற மூத்த வக்கீல். காசு வாங்காமல் நடத்தினார், பாவம். கட்டுரையைக் கோர்ட்டில் அவர்தான் தாக்கல் செய்தார். "மகளாக நில்லும்மா, ஆராய்ச்சிக்காரியாக எழுது. ரெண்டும் சேந்தா ஜெயிச்சிடலாம்" என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அரசு வக்கீல் எழுந்து அந்தக் கட்டுரையையே கையில் எடுத்தார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. புகழ்ந்தார். "மிக நேர்மையான ஆய்வு, கனம் நீதிபதி அவர்களே" என்று சொல்லிவிட்டு மேலே சொன்ன மூன்று வாக்கியங்களையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். வற்புறுத்தல் இல்லை. மனமுவந்து. விளைவை அறிந்தே. "கனம் நீதிபதி அவர்களே, குற்ற ஒப்புதல் செல்லுபடியாக வேறென்ன வேண்டும்? யார் செய்தது என்று யாரும் கேட்பதில்லை என்கிறார் ஆய்வாளர். அப்படியானால் ஏற்றுக்கொண்டவர் செய்யவில்லை என்று இந்த வழக்கம் எங்கேயாவது சொல்கிறதா?"

சொல்லவில்லை. அன்பரசி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நாலாவது பக்கம், நாலாவது பக்கத்தைப் படியுங்கள் என்று எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது. சக்கரவர்த்தி படித்தார். ஆடு, சாமைச் சோறு என்றதும் கோர்ட்டில் ரெண்டு பேர் லேசாகச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, சும்மா சிரிப்பு. இத்தனை வருஷம் அவள் தேடித் தேடிச் சேர்த்ததெல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது. மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது.

இன்னும் ஒரு படி பாக்கி இருந்தது. உச்ச நீதிமன்றம். தொண்ணூறு நாளுக்குள் மனுப் போட வேண்டும். சக்கரவர்த்தி இந்தத் தரம் வேறு மாதிரி யோசித்தார். "வழக்கம், கிழக்கம் எல்லாம் போதும். உங்கப்பாவே வாயத் திறக்கணும். 'நான் சுடல, மூத்தவன்னு ஏத்துக்கினேன்'னு ஒரே ஒரு பிரமாணப் பத்திரம். அது இருந்தா டில்லியில நான் பாத்துக்கறேன். அது இல்லன்னா தயவுசெஞ்சு என்கிட்ட வராதம்மா."

தீர்ப்பு வந்த நாலாம் நாள், காகிதத்தை எடுத்துக்கொண்டு அன்பரசி சிறைக்குப் போனாள். வக்கீலாகவும் பதிந்திருந்ததால் வலைக்கு இந்தப்பக்கம் நிற்க வேண்டாம், மேஜை போட்டு உட்காரவைத்தார்கள். கோபால்சாமிக்கு ஐம்பத்தொன்பது வயது. பார்த்தால் எழுபது சொல்லலாம். பல்லில் பாதி இல்லை. ஜெயில் தோட்டத்தில் கத்தரிக்காய் போடுகிறாராம், அதைப் பற்றித்தான் முதலில் பேசினார்.

அன்பரசி காகிதத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். கோபால்சாமி தலையைச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும், "இன்னொரு தரம் படி" என்றார். படித்தாள்.

"நான் சுடலன்னு எழுதிக்கீது."

"ஆமாப்பா. அதான் உண்மை."

"நீ பாத்தியா?"

அவள் திடுக்கிட்டாள். அவர் கோபத்தில் கேட்கவில்லை. கத்தரிக்காய் விலை கேட்கிற குரலில்தான் கேட்டார்.

"அன்னிக்கு வெடிகாலைல நான் வூட்டுல தூங்கிக்கினு இருந்தேன்" என்று அவரே சொன்னார். பத்து வருஷத்தில் முதல் தரம். அன்பரசி பேனாவின் மூடியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"அதத்தான்ப்பா இதுல எழுதியிருக்குது. கையெழுத்து போடு. வூட்டுக்குப் போய்டலாம். அம்மா எத்தினி வருசமா ஒண்டியா கெடக்குதுன்னு தெரியுமா உனக்கு?"

"நம்ம வகையறால அன்னிக்கு எட்டு ஆம்பள. நான் இல்லன்னு இதுல கைநாட்டு வெச்சா மீதி ஏழு பேர்ல ஒருத்தன்னு ஆவுது. இல்லியா? நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு."

"நீ யாரையும் காட்டிக் குடுக்க வேணாம்ப்பா."

"நான் குடுக்க வேணாம். போலீஸு வரும். ஒருத்தன் செத்துக்கீறான், அவன் பொண்டாட்டி கேக்காம வுடுவாளா? கேக்கறது நாயந்தானே." அவர் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார். "எவன்னு எனக்கே தெரியாது அன்பு. நான் கேக்கல. கேட்டா அவன் மூஞ்ச நான் எப்படிப் பாக்கறது?"

"அதுக்காக நீ இங்கியே சாவணுமா?"

கோபால்சாமி பக்கத்தில் நிற்கிற வார்டருக்குக் கேட்காதபடி குனிந்துகொண்டு சொன்னார்.

"ஏழு பேர்ல உன் தம்பி ஒருத்தன். அவனுக்கு அப்போ பத்தொம்போது. துப்பாக்கி புடிக்கக் கத்துக்கினு இருந்தான். நீ அவனக் கேட்டியா?"

அன்பரசி கேட்டதில்லை. பன்னிரண்டு பெரியவர்களைக் கேட்டிருக்கிறாள். நூறு வருஷத் தீர்ப்புகளைக் கேட்டிருக்கிறாள். யாரும் கேட்காத கேள்வி என்று நாற்பது பக்கம் எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறாள். ஒரே தட்டில் சோறு தின்று வளர்ந்தவனை ஒரு நாளும் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்று யோசிக்கக்கூட இதுவரை அவளுக்குத் தோன்றியதில்லை. இப்போது தோன்றியது. ஐயோ, தோன்றியிருக்கவே வேண்டாம்.

"நீ போய்க் கேளு" என்றார் அப்பா. "கேட்டுட்டு, அவன் இல்லன்னு உனக்குத் தெரிஞ்சா, வா. நான் வெக்கறேன் கைநாட்டு. மத்த ஆறு பேரப் பத்தி அப்புறம் ரோசன பண்ணலாம்." சொல்லிவிட்டு, பேனாவின் மூடியை எடுத்து அவரே மாட்டி மகள் பக்கம் நகர்த்தினார். நேரம் முடிந்தது என்று வார்டர் வந்தார்.

பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்வியை அன்பரசி மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். 'அன்னிக்கு நீ எங்கடா இருந்த?' நாலே வார்த்தை. குறுக்கு விசாரணையில் எத்தனை பேரை எத்தனை விதமாகக் கேட்க வேண்டும் என்று சட்டக் கல்லூரியில் வகுப்பெடுக்கிறவள்தான். அவன் 'வீட்டில்தான்' என்று சொல்லிவிட்டால் அப்பா வருவார். அப்படிச் சொல்வான், கட்டாயம் சொல்வான் என்று நம்பினாள். சொல்லும்போது அவன் கண் ஒரு நொடி அந்தப்பக்கம் போனால்? அப்புறம் அம்மா முன்னால், அவன் மனைவி முன்னால், போன வருஷம் பிறந்த அவன் குழந்தை முன்னால், தெரிந்துகொண்டு எப்படி இருப்பது? தெரிந்த பிறகு மாணிக்கம்மாள் வந்து கேட்டால் என்ன சொல்வது?

சின்னராஜ் பஸ் நிலையத்தில் வண்டியோடு காத்திருந்தான். வெயிலில் நின்று முகம் கறுத்திருந்தது. அக்காவுக்கு என்று ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி வைத்திருந்தான். அவள் பையை வாங்கி முன்னால் மாட்டிக்கொண்டான். மலை ஏறத் தொடங்கி, ரெண்டாவது வளைவு தாண்டிய பிறகுதான் அவன் கேட்டான்.

"அப்பா எப்படி கீறாரு?"

"நல்லாத்தான் கீறாரு. கத்திரிக்கா போட்டிருக்காராம்."

எதிரே ஒரு ஜீப் இறங்கியது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, அது போகிற வரைக்கும் காத்திருந்தான். அவன் பின்கழுத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்த்திருந்தது. இப்போது கேட்கலாம், முகத்தைப் பார்க்கவேண்டியதுகூட இல்லை. வாயைத் திறந்தாள். அதற்குள் சின்னராஜே, திரும்பிப் பார்க்காமல், கேட்டான்.

"இதுக்கு மேல போவ வழி எதுனா இருக்குதா அக்கா?"

மனுப் போட இன்னும் எண்பத்தாறு நாள் இருந்தது.

"இல்லடா" என்றாள் அன்பரசி. "அவ்ளோதான். முடிஞ்சு போச்சு."

அவன் வண்டியைக் கிளப்பினான்.